தேர்தல் வந்தால் அமெரிக்கக் குடும்பங்கள் ஏன் சண்டை போடுகின்றன?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் அண்ணன் தம்பிகூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார்கள். வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' (யாரையும் புண்படுத்தாத சொற்களில்தான் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு) என்று யாராவது குறை கண்டுபிடிக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மிகை? அப்படிப்பட்ட வீட்டில் மாட்டிக்கொண்டவர் என்னதான் செய்வது?

பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் இதற்குக் காரணமாகப் பலரும் சொல்வது கொள்கை வேறுபாடு. அதை நான் ஏற்கவில்லை. வரி, துப்பாக்கி, கருக்கலைப்பு, குடியேற்றம் என்று அந்த நாட்டில் வாதம் ஓய்ந்த காலமே கிடையாது. வியட்நாம் போர் நடந்த வருடங்களில் எத்தனையோ வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் மோதிக்கொண்டார்கள். இப்போது வேரூன்றியிருப்பது, ஒருவர் போடும் ஓட்டை வைத்தே அவருடைய குணத்தைத் தீர்மானித்துவிடும் பழக்கம். அவர் யாருக்குப் போட்டார் என்று தெரிந்த உடனே அவர் ஈரநெஞ்சுக்காரரா, இல்லையா, யோசிக்கத் தெரிந்தவரா, ஏமாளியா என்று எல்லாமே முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் வரி விகிதத்தைப் பற்றிப் பேசினாலும் 'நீ எப்படிப்பட்ட ஆள்' என்ற பேச்சாகத்தான் அது காதில் விழும்.

1960-ல் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி ஆதரவாளரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா? இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆமாம் என்றார்கள். 2010-ல் ஏறக்குறைய அதே கேள்விக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆமாம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷாண்டோ ஐயங்காரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-ல் இதை எடுத்துக்காட்டிச் சொன்னது முக்கியமானது. கொள்கையில் மக்கள் விலகிப்போனதைவிட, எதிர்த்தரப்பு மனிதர்கள் மீது வெறுப்பு வளர்ந்ததுதான் பெரிய மாற்றம் என்றார்கள்.

இந்தக் கணக்கைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. 2018-ல் வேறு மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். வரப்போகும் மருமகனோ மருமகளோ எதிர்க்கட்சிதான், ஆனால் அரசியல் பேசுவதே அபூர்வம் என்றால்? பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. சதா அரசியலே பேசுகிறவர் என்றால்? அவர் நம் கட்சியாகவே இருந்தாலும் பலருக்கு இஷ்டமில்லை. ஆக, வெறுப்பாகப் பதிவானதில் ஒரு பகுதி 'சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வேண்டாம்' என்ற அலுப்பு. இது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் விஷயம். சண்டை போட விரும்புகிறவர்கள் சிலர், அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பலர் என்றால் நிலைமை கைமீறிப் போய்விடவில்லை.

மாட்டிக்கொள்வதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் அன்று அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடும். தேர்தல் நடப்பது அதே மாதத்தின் தொடக்கத்தில். எனவே தேர்தல் ஆண்டில் ஓட்டுப் போட்ட சூடு ஆறுவதற்குள் எல்லோரும் ஒரே மேஜைக்கு வந்துவிடுகிறார்கள். 2016-ல் அந்த நாளின் கைப்பேசி இருப்பிடத் தகவல்களையும், எந்த வாக்குச்சாவடிப் பகுதி எந்தக் கட்சிக்குச் சாய்ந்தது என்ற விவரத்தையும் கீத் சென், ரைன் ரோலா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமாக நாலேகால் மணி நேரம் நீளும் அந்த விருந்து, எதிரெதிர்க் கட்சிப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கூடிய வீடுகளில் 30 முதல் 50 நிமிடம் முன்னதாகவே முடிந்திருந்தது. தேர்தல் விளம்பரம் கொட்டப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களிடம் இந்தக் குறைவு மூன்று மடங்கு. தேர்தல் இல்லாத 2015-ல் அப்படி இல்லை. விளம்பரம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வெளியே நடக்கும் பிரச்சாரம் வீட்டுக்குள்ளும் கூடவே வந்து உட்காருகிறது என்பதைக் காட்ட இது போதும்.

சரி, எதிர்த்தரப்பைப் பற்றி இவர்கள் மனதில் வைத்திருக்கும் சித்திரம் எவ்வளவு சரி? அங்கேதான் பெரிய ஓட்டை. ஜனநாயகக் கட்சியினரில் நூற்றுக்கு எத்தனை பேர் ஓரினச்சேர்க்கையாளர்களோ திருநர்களோ என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி விடை 32. உண்மையில் சுமார் 6. குடியரசுக் கட்சியினரில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டால் 38 என்றார்கள், உண்மையில் 2. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் இருவரும் 2018-ல் வெளியிட்டது இது. தன் மாமா பென்சன் வாங்கும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் என்று தெரிந்த பெண்ணே, 'குடியரசுக் கட்சி' என்றதும் மாளிகையில் வாழும் ஒரு பணக்காரரை நினைத்துக்கொண்டு அந்த மாமாவோடு வாதாடுகிறாள். மாமாவும் கண்ணெதிரே இருக்கும் மருமகளை விட்டுவிட்டு, நேற்று டிவியில் பார்த்த யாரோ ஒரு போராட்டக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கட்சி அடையாளம் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட சோதனையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஏழைக் குடும்பங்களுக்கான இரண்டு உதவித் திட்டங்களைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். ஒன்று தாராளமானது: ஒரு குழந்தை உள்ள குடும்பத்துக்கு மாதம் 800 டாலர், முழு மருத்துவக் காப்பீடு. மற்றது கறாரானது: மாதம் 250 டாலர், அரைகுறைக் காப்பீடு. ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் தாராளவாத மாணவர்கள் முதலாவதையும், குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் பழமைவாத மாணவர்கள் இரண்டாவதையும் விரும்பினார்கள். இதில் அதிசயம் இல்லை. அப்புறம் எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்ற தகவலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே எல்லாம் தலைகீழானது. ஜனநாயகக் கட்சி ஆதரிக்கிறது என்றால் தாராளவாதிகளுக்கு 250 டாலர் திட்டமும் நியாயமாகத் தெரிந்தது. குடியரசுக் கட்சி ஆதரிக்கிறது என்றால் பழமைவாதிகளுக்கு 800 டாலரும் சரியாகப் பட்டது. திட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதன் பலம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஏன் இதை ஆதரித்தீர்கள் என்று கேட்டதற்கு, திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் என்று அவர்கள் மனதாரச் சொன்னார்கள். கட்சியைப் பார்த்து முடிவு செய்வது மற்றவர்கள்தான் என்றும் நம்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தன் மனம் எங்கே சாய்ந்தது என்பது தனக்கே தெரியாமல் போவதுதான் இதில் பயப்பட வேண்டிய சங்கதி.

இந்தச் சாய்வு தேர்தல் முடிவையே நம்பாத இடத்துக்குக் கொண்டுபோகும்போது விஷயம் தீவிரமாகிவிடுகிறது. தோற்ற தரப்புக்கு எண்ணிக்கை மேல் சந்தேகம் வருவது எந்த நாட்டுக்கும் பொதுவானது. 2000-ல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டு, மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது ஜனநாயகக் கட்சியினர் பல வருடம் ஆறவில்லை. 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் மாநிலவாரிப் பிரதிநிதிகளின் ஓட்டை எண்ணும் எலெக்டோரல் காலேஜ் முறையில் தோற்றார். ரஷ்யா ஓட்டு எண்ணிக்கையையே மாற்றிவிட்டது என்று அந்தக் கட்சியில் பலர் நம்பினார்கள். சமூக ஊடகப் பிரச்சாரமும் மின்னஞ்சல் திருட்டும் நடந்தன. எண்ணிக்கை மாற்றப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இதையெல்லாம் 2020-க்குச் சமமாக வைத்து 'இரண்டு பக்கமும் ஒன்றுதான்' என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2000-லும் 2016-லும் தோற்ற வேட்பாளர்கள் தோல்வியைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்கள். 2020-ல் டொனால்ட் டிரம்ப் ஏற்கவில்லை. அடுத்த ஜனவரி 6-ம் தேதி அவருடைய ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது.

வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் 'ராத்திரி டிரம்ப் முன்னணியில் இருந்தார், காலையில் எப்படி மாறியது?' என்ற ஒரே இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வரும். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். பென்சில்வேனியா சட்டப்படி தபால் ஓட்டு உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் திறக்கவே கூடாது. கொரோனா காலத்தில் தபால் ஓட்டுப் போட்டவர்களில் ஜனநாயகக் கட்சியினர் மிக அதிகம். டிரம்ப் அந்த முறையையே குறை சொல்லிவந்ததால் அவருடைய ஆட்கள் நேரில் போய்ப் போட்டார்கள். நேரில் போட்டது முதலில் எண்ணப்பட்டது, தபால் பிறகு. ஆகவே முன்னணி மாறியது. அரிசோனாவில் முன்கூட்டி வந்த தபால் ஓட்டுகளை முதலில் எண்ணிவிட்டதால் அங்கே நடந்தது நேர் எதிர்: பைடன் பெரிய முன்னணியில் தொடங்கி, அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மோசடி என்று சொல்பவரிடம் அரிசோனாவைச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் நின்று யோசிப்பார். ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் ஓட்டுகளைக் கையாலேயே திரும்ப எண்ணினார்கள்; பைடன் ஜெயித்த முடிவு மாறவில்லை. அரிசோனாவின் மேரிகோபா மாவட்டத்தில் குடியரசுக் கட்சியினர் அமர்த்திய தனியார் நிறுவனம் 2021-ல் எண்ணிப் பார்த்தபோது பைடனுக்கு 99 ஓட்டு கூடி, டிரம்புக்கு 261 குறைந்தது.

எண்ணுகிறவர்கள் மேலேயே சந்தேகம் என்பவருக்கு ஒரே ஒரு யோசனைதான்: அடுத்த தேர்தலுக்கு உங்கள் கவுன்டி அலுவலகத்தில் வாக்குச்சாவடிப் பணியாளராகப் பெயர் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு கட்சிக்காரர்களையும் சேர்த்தே அமர்த்துகிறார்கள். கூலியும் உண்டு, பயிற்சியும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்ப்பது, சீல் எண்ணைக் குறிப்பது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். வாதாடிக் கழிக்கும் நேரத்தைவிட அந்த ஒரு நாள் அதிகம் கற்றுத்தரும்.

இனி வார்த்தைச் சண்டைக்கு வருகிறேன். அங்கே அலுவலகச் சாப்பாட்டு அறையில் நான் பார்த்த ஒன்று. வேலையில் கெட்டிக்காரரான ஒரு மூத்த மெக்கானிக், புதிதாகச் சேர்ந்த கொரியப் பெண்ணைப் பற்றி நல்லவிதமாகப் பேசும்போது 'ஓரியன்டல்' என்றார்; கிழக்காசியர்களைக் குறிக்கும் பழைய சொல், இன்று மரியாதைக் குறைவாகக் கருதப்படுவது. எதிரே இருந்த இளைஞர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, 'இந்தக் காலத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை' என்றார், மேஜையில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தபடி. பெரியவர் முகம் சிவந்தது. அதற்கப்புறம் அவர் அந்த மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இளைஞர் சொன்ன தகவல் சரி. அந்தச் சொல்லைக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து நீக்கும் மசோதா 2016-ல் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி, ஒபாமா கையெழுத்திட்டார். இரண்டு கட்சிக்கும் அதில் தகராறு இல்லை. மேஜையில் தப்பாகப் போனது அந்தப் பார்வை. அது பெரியவருக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்களுக்காகச் சொன்னதாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் இதனால் எந்த நன்மையும் இல்லை. தன்னைச் சாக்காக வைத்து இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டது மட்டும்தான் அவருக்கு மிச்சம்.

பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் என்று இன்று சொல்லப்படுவதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒருவரை அவர் விரும்பும் பெயரில் அழைப்பது ஒன்று. அது மரியாதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2010-ல் 'ரோசா சட்டம்' என்று ஒன்று வந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைக் குறிக்கச் சட்டப் புத்தகங்களில் இருந்த பழைய சொல் பள்ளிக்கூடங்களில் வசையாக மாறியிருந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுப் பெண்ணின் குடும்பம் அதை மாற்றச் சொல்லிப் போராடி ஜெயித்தது. மசோதாவை முன்னெடுத்தவர்கள் ஒரு ஜனநாயகக் கட்சி செனட்டரும் ஒரு குடியரசுக் கட்சி செனட்டரும். பாதிக்கப்பட்டவர்களே கேட்டார்கள், கேட்டது நியாயமாக இருந்தது, நாடு மாற்றிக்கொண்டது.

மற்றது, புதுச் சொற்களைப் பரீட்சையாக்கி, தெரிந்தவர்கள் தெரியாதவர்களைத் தள்ளிவைப்பது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஆண், பெண் பேதம் இல்லாமல் குறிக்க உருவாக்கிய 'லத்தீனெக்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் அது பரவியது. 2020-ல் ப்யூ ஆய்வு மையம் அந்த வம்சாவளியினரான ஹிஸ்பானியர்களிடமே கேட்டபோது, அதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பயன்படுத்தியவர்கள் 3 சதவீதம். அந்த 3 சதவீதத்தினர் தங்களை அப்படி அழைக்கச் சொன்னால் அழைக்க வேண்டியதுதான். மற்றவர்கள் எல்லோரையும் அதை வைத்துத் திருத்தக் கிளம்புவது அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காகப் பேசுவது.

'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' என்ற சொற்றொடரை ஆயுதமாக்கியதும் ஒரு வரலாறுதான். 1970-களில் இடதுசாரி வட்டங்களுக்குள் புழங்கியது, 1990-ல் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றின் மூலம் வெளியே வந்தது. 1991 மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அதைக் கண்டித்துப் பேசினார். 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியின் முதல் விவாத மேடையில், பெண்களைப் பற்றிய தன் வசைகள் குறித்துக் கேட்கப்பட்டபோது, நாட்டின் பெரிய பிரச்சினையே பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்தான் என்றார் டிரம்ப், அரங்கம் கைதட்டியது. நியாயமான எரிச்சல் ஒன்று, வசவுக்குக் கேடயமாகிப்போன தருணம் அது.

வார்த்தைக்குக் காவல் போடுவது ஒரு பக்கத்தின் வேலை மட்டும் என்று யாராவது சொன்னால் 2003-ஐ ஞாபகப்படுத்துங்கள். ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்தது என்பதற்காக நாடாளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை விமர்சித்து லண்டன் மேடையில் ஒரு வாக்கியம் சொன்னதற்காக டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாட்டுகளைப் பல வானொலி நிலையங்கள் நிறுத்தின. தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக்கை 2016 சீசனுக்குப் பிறகு எந்த அணியும் ஆட்டத்தில் இறக்கவில்லை.

பெரும்பான்மை மக்கள் எங்கே நிற்கிறார்கள்? 'மோர் இன் காமன்' என்ற அமைப்பு 2018-ல் சுமார் 8,000 பேரிடம் கேட்டது. பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் நாட்டுக்கு ஒரு பிரச்சினை என்றவர்கள் 80 சதவீதம். வெறுப்புப் பேச்சு ஒரு பிரச்சினை என்றவர்கள் 82 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான். யாரையும் இழிவாகப் பேசக் கூடாது என்றும் நினைக்கிறார்கள், வாய் தவறினால் தலையை வாங்கக் கூடாது என்றும் நினைக்கிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கடைசியாக, மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது. இங்கே ஒரு நல்ல கதை உண்டு. 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில், வீட்டு வாசலில் ஒரு உரையாடல் நடத்தினால் மக்கள் மனம் மாறி அப்படியே நிலைக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. டேவிட் ப்ரூக்மன், ஜோஷ்வா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்ய முயன்று, தரவே ஜோடிக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். 2015-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இருவரும் அத்தோடு விடாமல் மயாமியில் தாங்களே நேர்மையாகச் சோதித்தார்கள். திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் பற்றித் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். புள்ளிவிவரத்தை அடுக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. மற்றவர்களிலிருந்து வேறுபட்டதற்காக உங்களை யாராவது கேவலமாக நடத்தியது உண்டா என்று கேட்டு, சொல்வதை முழுசாகக் கேட்டார்கள். சுமார் பத்து நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் வெறுப்புக் குறைந்தது குறைந்தபடியே இருந்தது. 2016-ல் அதே சயன்ஸ் இதழ் அதை வெளியிட்டது.

இதற்கு எல்லையும் உண்டு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரை 'உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு நாள் எப்படி இருக்கும்' என்று பேசவிட்டபோது வெறுப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் மூன்று மாதத்தில் அது கரைந்துவிட்டது என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அரசியல் வேற்றுமைகளையே பேசவிட்ட ஜோடிகளிடம் அந்த அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. ஒரு நல்ல மாலைப்பொழுது போதாது, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். விருந்தை முன்னதாக முடித்துக்கொண்டு கிளம்புவதில் உள்ள நஷ்டமும் அதுதான்.

ஆகவே மாமாவிடம் 'எப்படி அவனுக்கு ஓட்டுப் போட்டீர்கள்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எது உங்களை அந்தப் பக்கம் தள்ளியது' என்று கேளுங்கள். எண்ணிக்கை பற்றிய கேள்வி வந்தால் விவரத்தோடு பதில் சொல்லுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வார்த்தை தவறினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம். உங்களையோ உங்கள் துணையையோ பிள்ளையையோ தெரிந்தே, திரும்பத் திரும்ப இழிவுபடுத்துகிற இடமாக இருந்தால் அது கருத்து வேறுபாடே கிடையாது. அங்கிருந்து எழுந்து வரலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.